அடையாற்று அம்மையார்

இலண்டனில் 1847-இல் பிறந்த அன்னி பெசன்ட் அம்மையார், அடையாற்றுக்கு வருமுன்பே போற்றுதலையும் தூற்றுதலையும் ஒருங்கே கண்டவர். கருத்தடை பற்றிய நூலொன்றை வெளியிட்டமைக்காக 1877-இல் குற்றவாளிக் கூண்டில் நின்றார். மறு ஆண்டு, பெற்ற மகளை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது.

1893-இல் இந்தியா வந்த அவர் 1907-இல் பிரம்மஞான சங்கத் தலைவரானார். 1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டரின் கண்ணில் பட்ட சிறுவன் கிருஷ்ணமூர்த்தியை வரவிருக்கும் உலக ஆசானென நம்பி, அவன்மீதும் அவன் தம்பிமீதும் அன்பைப் பொழிந்தார். தந்தையார் நாராயணய்யா பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தார். மகளை வழக்கில் இழந்த தாய், பிறர் பிள்ளைகளுக்காக வழக்காடிய முரணை என்னென்பது! 1913-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்று, 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் வென்றார்.

அவ்வாண்டில்தான் புதுவையிலிருந்த பாரதியார், பொன்வால் நரியின் கதையாக ஆங்கிலத்தில் அம்மையாரை எள்ளி நகையாடினார். 1918-இல் பாரதியார் கடலூரில் சிறைப்பட்டபோது அவர் விடுதலைக்குப் பரிந்து பேசியோருள் அம்மையாரும் ஒருவர் என்பர். எழுத்துலகில் இப்பெருந்தன்மை அரிதே.

மக்கள் நெஞ்சில் அவரை ஏற்றிவைத்தது, விந்தையாக, பென்ட்லண்ட் பிரபுவின் அரசுதான். 1916-இல் ஹோம் ரூல் இயக்கம் கண்ட அவரை 1917 ஜூனில் அது காவலில் வைத்தது. நாடே கொதித்தது. செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசின் தலைமை. அப்பதவி பெற்ற முதற் பெண்மணி அவரே.

ஆயினும் ஒன்றரை ஆண்டுகூட அந்த ஆதரவு நிலைக்கவில்லை. சட்டத்திற்கு உட்பட்ட கிளர்ச்சி என்னும் கொள்கையில் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நாடு காந்தியடிகளின் பின்னே நடந்துவிட்டது. 1919 ஏப்ரலில், கல்லெறிவோர்க்குத் துப்பாக்கிக் குண்டே விடையாகும் என்ற கருத்துப்பட எழுதியதை மக்கள் பொறுக்கவில்லை. அதில் கொள்கை இருந்தது, இரக்கம் இல்லை. அவர் வாய் திறந்தாலே கூட்டம் எழுந்து நின்ற காலம் போய், அவர் பேச்சைக் கேட்க விரும்பாத காலம் வந்தது.

பத்தாண்டு கழித்து மற்றோர் இழப்பு. தமக்கென 1911-இல் நிறுவப்பட்ட விண்மீன் சங்கத்தை 1929 ஆகஸ்டில், ஹாலந்தின் ஓமன் முகாமில், அம்மையார் முன்னிலையிலேயே கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். அப்போது அம்மையாருக்கு வயது 81. வளர்த்த பிள்ளைமீது கொண்ட அன்பை அவர் அதன் பின்னும் திரும்பப் பெறவில்லை.

1933 செப்டம்பர் 20-இல் அடையாற்றிலேயே அம்மையார் மறைந்தார். அவ்வாண்டிற்குப் பின் 47 ஆண்டுகள் அச்சோலைக்குள் கிருஷ்ணமூர்த்தி அடிவைக்கவில்லை. 1980-இல், சங்கத் தலைவராக இருந்த ராதா பர்னியருடன் உள்ளே சென்று, தாம் கண்டெடுக்கப்பட்ட கடற்கரை வரை நடந்தார்.