பொருநைக் கரையின் மோனச் செல்வர்

பொதியமலையில் தோன்றி, நெல்லைச் சீமையின் வயல்களை வளம்படுத்திப் புன்னைக்காயலருகே கடலோடு கலக்கும் தாமிரபரணிக்குப் பொருநை என்பது பழம்பெயர். அப்பொருநையின் தென்கரையில், திருநெல்வேலிக்குக் கிழக்கே, ஆழ்வார்திருநகரி என்னும் திவ்விய தேசம் திகழ்கின்றது. 1986ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குத் திருக்குருகூர் என்பதே பண்டைத் திருநாமம். தமிழை வேதமாக்கிய நம்மாழ்வார் அவதரித்தருளிய தலம் இதுவே. பாட்டினால் உலகறிந்த அப்பெருமானின் வாழ்வு மோனத்தில் தொடங்கியது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆழ்வாரின் காலம் 8, 9ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அவர் வரலாற்றைக் குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கின்றன. திருக்குருகூரில் வாழ்ந்த காரியாரும், திருவண்பரிசாரத்திலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த உடையநங்கையாரும் மகப்பேறு வேண்டித் திருக்குறுங்குடி நம்பியை வழிபட்டனர். நம்பியின் திருவருளால் வைகாசி விசாகத்தன்று ஓர் ஆண்மகவு தோன்றிற்று. ஆயின் அக்குழவி அழவில்லை, கண் திறக்கவில்லை, தாய்ப்பால் அருந்தவும் இல்லை. உண்ணாதிருந்தும் மேனி வாடவில்லை. தவமிருந்து பெற்ற மகவின் குரலைக் கேளாத தாயுள்ளம் எத்துணைத் துயருற்றிருக்கும்!

பன்னிரண்டாம் நாள் பெற்றோர் குழந்தையை ஆதிநாதர் சந்நிதிக்கு எடுத்துச் சென்று, பொலிந்து நின்ற பிரானின் திருவடியில் கிடத்தினர். உலகியல்புக்கு மாறாக இருந்தமையால் மாறன் என்று பெயரிட்டனர். திருக்கோயிலின் புளியமரத்தடியில் தொட்டிலிட்டு, மகவை இறைவனிடமே ஒப்புவித்தனர். குழந்தை தவழ்ந்து சென்று அம்மரத்தின் பொந்தினுள் அமர்ந்தது. அவ்விடத்திலேயே பதினாறு ஆண்டுகள் யோக நிலையில் கழிந்தன.

இம்மோனத்தின் காரணத்தை ஆழ்வாரின் மற்றொரு திருநாமமே விளக்குகின்றது. கருவிலுள்ள உயிர் தன் மெய்யறிவை மறவாதிருக்கும் என்றும், பிறக்கும்போது சடம் என்னும் வாயு அதனைச் சூழ்ந்து மறதியை விளைவிக்கும் என்றும் பெரியோர் கூறுவர். அவ்வாயுவைச் சினந்து விரட்டியமையால் அவர் சடகோபர் ஆனார். எனவே அவர் அழாதிருந்தது குறையினால் அன்று. மறதி தம்மைத் தீண்டாமையினாலேயே ஆம்.

அவர் வீற்றிருந்த மரமும் இதற்குச் சான்று பகர்கின்றது. புளியின் இலைகள் இரவில் கூம்புவது இயற்கை. திருக்குருகூர்த் திருப்புளியின் இலைகளோ கூம்புவதில்லை என்பது மரபு. ஆதலின் அதனை உறங்காப்புளி என வழங்குவர். மோனம் உறக்கமன்று, உள்ளே விழித்திருக்கும் நிலை என்பதற்கு இதனினும் வேறு உவமை வேண்டுமோ?

ஆசனமும் மூச்சும் உடலின் தொழில்கள். அவற்றைப் பயில்வோன் இடையிடையே பேசினால், மூச்சின் ஒழுங்கு குலையும்; ஒருமுகப்பட்ட நெஞ்சும் சிதறும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தவத்தை உடல், வாக்கு, மனம் என மூன்றாக வகுக்கின்றது. அங்கு மௌனம் வாக்கின் தவத்தில் சேர்க்கப்படாமல் மனத்தின் தவத்தில் வைக்கப்பட்டிருத்தல் உணர்ந்து போற்றத்தக்கது. நாவை அடக்குவது தொடக்கமே; மனம் அமைதல் அதன் பயன்.

அந்நாளில், அருகிலுள்ள திருக்கோளூரில் தோன்றிய மதுரகவிகள் வடநாட்டு யாத்திரையாக அயோத்தியில் இருந்தார். தென்திசையில் ஒரு பேரொளியைக் கண்டு, அதனைத் தொடர்ந்து நடந்து, இறுதியில் தம் ஊருக்கு அருகிலேயே வந்து சேர்ந்தார். தொலைவில் தேடிய குரு பிறந்த மண்ணிலேயே அமர்ந்திருந்தார்! மதுரகவிகள் ஒரு கல்லைக் கீழே போட, அவ்வோசை கேட்டு ஆழ்வார் கண் மலர்ந்தார். அறிவற்ற உடலில் நுண்ணிய உயிர் புகுந்தால் அது எதனை நுகர்ந்து எங்குத் தங்கும் என்னும் பொருள்பட மதுரகவிகள் வினவினார். உடலின் இன்பதுன்பங்களையே நுகர்ந்து அதனிடத்திலேயே அழுந்திக் கிடக்கும் என்னும் கருத்துப்பட மறுமொழி வந்தது. பதினாறு ஆண்டு மோனம் ஒரு மெய்யான வினாவுக்காகவே கலைந்தது. வயதில் மூத்த மதுரகவிகள் இளைஞரின் திருவடியில் வீழ்ந்து அடிமை பூண்டார்.

அம்மோனத்தின் விளைவே திருவிருத்தம் 100, திருவாசிரியம் 7, பெரிய திருவந்தாதி 87, திருவாய்மொழி 1102 என்னும் பாசுரங்கள். பாடத் தொடங்கிய பின்னரும் மோனம் அவரை விட்டு அகலவில்லை. கண்ணனின் எளிமை முதலியவற்றை நினைந்து உருகி, மும்முறை ஆறாறு மாதங்கள் சொல்லிழந்து மோகித்துக் கிடந்தார் என்பர் உரையாசிரியர். அவருடைய சொற்கள் மோனத்தில் விளைந்து, மோனத்திலேயே மீண்டும் தோய்ந்தன.

இன்றும் வைகாசித் திருவிழாவில் நவதிருப்பதி எம்பெருமான்கள் கருடன்மீது எழுந்தருளி ஆழ்வாருக்குக் காட்சி தருகின்றனர். வைணவத் திருக்கோயில்களில் அடியார் முடிமீது சாத்தப்பெறும் சடாரி அவர் திருநாமம் தாங்கியதே. அது சாத்தப்பெறும் அக்கணத்தில் நா தானே அடங்குதலை யாவரும் உணர்வர். அவ்வடக்கத்தைப் பிராகாரத்திலும் காத்தல் இயலாததோ?

வலம் வருதலும், விழுந்து வணங்குதலும், மூச்சடக்கி ஜபித்தலும் உடலால் செய்யும் வழிபாடுகள். கால் வலம் வர, நா ஊர்க்கதை பேசுமாயின் உடல் மட்டுமே வலம் வந்ததாகும். கல்லும் சுதையும் செம்பொற் கலசமும் அன்பர்களின் பொருளால் அமைந்தன. அவற்றினடியில் நிலவவேண்டிய அமைதி அவர்தம் நெஞ்சத்தால் அமையவேண்டும். குடமுழுக்குக் கண்ட திருக்கோயிலை நாள்தோறும் ஒருமுறையேனும் வாய் திறவாது வலம் வருதல், எளியவரும் செலுத்தக்கூடிய காணிக்கை. பொருநைத்துறைவரின் திருவருளால் அப்பேறு அனைவருக்கும் வாய்ப்பதாக!