காற்றை வசமாக்கிய டாரியஸ்

எங்க மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஆடிக்காற்றில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அச்சு படுத்த மாதிரி இருக்கும். அந்த அச்சைச் செங்குத்தாக நிமிர்த்தி, புதுவகை காற்றாலை தந்தவர் ஜார்ஜ் டாரியஸ்.

1888-ல் பிரான்ஸின் தூலோன் நகரில் பிறந்த இன்ஜினியர் இவர். ஸ்கிப்பிங் ஆடும்போது கயிறு வளையுமே, அதே வளைவில் இறக்கைகளை வளைத்துத் தண்டில் பொருத்தினார். 1931-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

நிறை என்ன? காற்று எந்தத் திசையில் வந்தாலும் சுழலும். ஜெனரேட்டரும் கியர்பாக்ஸும் தரையிலேயே இருக்கும். ரிப்பேர் பார்க்க உச்சிக்கு ஏற வேண்டாம்.

குறை என்ன? தானாகக் கிளம்பாது, மோட்டார் வைத்துச் சுற்றிவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் விசை மாறி மாறி விழுவதால் இறக்கையில் விரிசல் வரும். மொத்த எடையும் அடி பேரிங்கின் தலையில்தான்.

பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960களின் இறுதியில் கனடா தேசிய ஆராய்ச்சிக் கழக இன்ஜினியர்கள் மீண்டும் கையில் எடுத்தார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் 1979-ல், 90 வயதில் டாரியஸ் மறைந்தார். பின்னாளில் கனடாவின் கியூபெக்கில் எழுந்த, சுமார் 110 மீட்டர் உயரமுள்ள டாரியஸ் காற்றாலை, 1993-ல் அடி பேரிங் கெட்டு நின்றுபோனது.

பி.வி.சி. பைப்பை அறுத்து நானும் ஒரு மாடல் செய்தேன். டேபிள் ஃபேன் காற்றுக்கு அசையவே இல்லை. பள்ளிக்கூடமே போகாத எங்க அப்பா வந்து, கையால வேகமாச் சுத்திவிட்டார். பிடித்துக்கொண்டது!

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். தானாகக் கிளம்பாததை இப்போது நான் பெரிய குறையாக நினைப்பதில்லை. கிளப்பிவிட ஒரு கை வேண்டும். நிற்காமல் ஓடுவது நம் பொறுப்பு!