நீலகிரியில் முடிந்த ஒரு கணித வாழ்வு

குண்டுவீச்சு விமானத்தின் மேல் சிவப்புப் புள்ளிகள் இட்ட படம் ஒன்று கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றி வருகிறது. போரிலிருந்து திரும்பிய விமானங்களில் துளைகள் மிகுந்த இடங்களுக்குக் கவசமிட ராணுவத்தினர் எண்ணினர் என்றும், துளையற்ற இடங்களுக்கே கவசம் வேண்டும், அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை என்று ஒரு கணித அறிஞர் உணர்த்தினார் என்றும் கதை சொல்லப்படுகிறது. அவர் பெயர் ஆபிரகாம் வால்டு. அவர் உயிர் பிரிந்தது நம் நீலகிரி மலையில் என்பதைப் படத்தைப் பகிர்வோருள் எத்தனை பேர் அறிவர்?

இன்று ருமேனியாவில் உள்ள க்ளூஜ் நகரம் ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசின் கீழ் இருந்தபோது, 1902-இல் அங்கே வைதிக யூதக் குடும்பத்தில் பிறந்தார். சனிக்கிழமை பள்ளி செல்வதைச் சமயம் தடுத்ததால் இளமைக் கல்வி வீட்டிலேயே நிகழ்ந்தது. 1931-இல் வியன்னாவில் கார்ல் மெங்கரிடம் முனைவர் பட்டம் பெற்றும், யூதர் என்பதால் பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. வங்கியாளர் ஒருவருக்குக் கணிதம் கற்பித்தும், மார்கென்ஸ்டெர்னின் பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்தும் காலம் தள்ளினார்.

பொருளியல் பயின்ற எனக்கு அந்த வறிய ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. எல்லாச் சந்தைகளிலும் ஒருசேரத் தேவையும் அளிப்பும் சமமாகும் விலைகள் உண்மையில் உண்டா? சமன்பாடுகளும் அறியாக் கணியங்களும் எண்ணிக்கையில் ஒத்திருந்தால் போதும் என்று அமைதி கொண்டிருந்த துறைக்கு, முறையான நிரூபணத்தை முதலில் அளித்தவர் வால்டு. 1954-இல் ஆரோவும் டெப்ரூவும் எழுப்பிய மாளிகைக்கு அடித்தளம் அதுவே.

1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்க, அவர் அமெரிக்கா சேர்ந்தார். ஐரோப்பாவில் தங்கிய உறவினர் பெரும்பாலோர் இனப்படுகொலையில் மாண்டனர்.

விமான ஆய்வு, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போர்க்காலப் புள்ளியியல் குழுவில் இருந்தபோது 1943-இல் எழுதப்பட்டது. அக்குறிப்புகளில் தளபதிகளைத் திருத்தும் நாடகம் ஏதுமில்லை; வீழ்ந்த விமானங்களில் எங்கே அடிபட்டிருக்கும் என்பதைத் திரும்பியவற்றைக் கொண்டு மதிப்பிடும் வறண்ட சூத்திரங்களே உள்ளன. புள்ளிப் படமோ அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் வரையப்பட்டது. ஆயினும் கதையின் கருத்து பிழையன்று. மணவூரிலிருந்து திருத்தணி செல்லும் வழியில் பயிற்சி மையங்களின் பதாகைகளைக் காணும்போதெல்லாம் வால்டு நினைவுக்கு வருவார். வென்றவர் முகங்கள் வரிசையாகச் சிரிக்கின்றன. அதே வகுப்பில் அமர்ந்து தோற்றவர்களுக்குப் பதாகை இல்லை.

ஆனால் போருக்கு அவர் செய்த பெருந்தொண்டு வேறு. தளவாடங்களைச் சோதிக்க, இத்தனை உருப்படிகள் என்று முன்கூட்டியே வரையறுப்பது அன்றைய வழக்கம். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஏற்பதா, தள்ளுவதா, தொடர்வதா என முடிவெடுக்கும் தொடர்முறைச் சோதனையை அவர் வகுத்தார். பல நேரங்களில் ஏறத்தாழப் பாதிச் சோதனையே போதுமானதாயிற்று. போர் முடியும்வரை அது ரகசியமாகக் காக்கப்பட்டது. இன்று மருந்துச் சோதனையைப் பாதியில் நிறுத்தலாமா என்று மருத்துவர்கள் தீர்மானிக்கும் முறைகளுக்கும் வேர் அங்கேதான் உள்ளது. இதைப் படமாக வரைந்து பகிர இயலாது. புகழ் அந்தப் பக்கம் போகாததற்கு அதுவே காரணம் போலும்.

1950-இல் முடிவெடுத்தல் பற்றிய அவரது பெருநூல் வெளியானது. அவ்வாண்டே இந்திய அரசின் அழைப்பை ஏற்று மனைவி லூசிலுடன் விரிவுரைப் பயணம் வந்தார். டிசம்பர் 13 அன்று அவர்கள் சென்ற ஏர் இந்தியா விமானம் வட நீலகிரியில் ரங்கசாமி தூண் அருகே மோதி நொறுங்கியது. இருவரும் மாண்டனர். வால்டுக்கு வயது 48. பெற்றோரை இழந்த இரு பிள்ளைகளுள் மூன்று வயதான ராபர்ட், பின்னாளில் சிகாகோவில் ஈர்ப்பு விசையை ஆராயும் இயற்பியல் பேராசிரியரானார்.