ஆசையை அன்பாக்கிய வாதவூரடிகள்

ஆசை தீயதா? இளைஞர் பலர் மனத்தில் எழுந்தும், நாணத்தினால் வாய்விட்டுக் கேட்கப்படாத வினா இது. கிரேக்க நாட்டு ஏதென்சு நகரத்துப் பேரறிஞர் பிளேட்டோ கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே இதனை ஆராய்ந்தார். காதல் என்பது வறுமைக்கும் வளத்துக்கும் பிறந்த பிள்ளை என்றொரு கதையை, விருந்து பற்றிய தமது நூலில் அமைத்தார். தன்னிடம் இல்லாததையே மனம் நாடுகிறது. அந்த நாட்டத்தை உடலின் அழகிலிருந்து உள்ளத்தின் அழகுக்கும், அறிவின் அழகுக்கும், முடிவில் அழியா அழகுக்கும் படிப்படியாக ஏற்றவேண்டும் என்பது அந்நூல் காட்டும் நெறி.

இதே வினாவுக்குத் தமது வாழ்வையே விடையாகத் தந்தவர் நம் மாணிக்கவாசக சுவாமிகள்.

பாண்டி நாட்டுத் திருவாதவூரிலே தோன்றிய அடிகள் 9ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆய்வாளர் பலர். கல்வியிற் சிறந்து, அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சரானார். பதவியும் செல்வமும் நிறைந்தன; உள்ளம் நிறையவில்லை. குதிரை வாங்க அரசன் தந்த பொன்னோடு சென்றவர், திருப்பெருந்துறையிலே குருந்த மரத்தடியில் குருநாதரைக் கண்டு உருகினார். பொன் திருப்பணிக்குச் செலவாயிற்று. அரசன் பொருள் அரசனுக்கே உரியதன்றோ என நாம் கேட்பது முறையே. அதற்குரிய தண்டனையை அடிகளும் அனுபவித்தார். சிறையையும் வைகையின் சுடுமணலையும் கண்டார். நரிகள் பரிகளானதும், அவை மீண்டும் நரிகளானதும் நாம் அறிந்த வரலாறே.

அப்பால் வைகை பெருகியது. கரையை அடைக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு வகுக்கப்பட்டது. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கோ ஆளில்லை. இறைவனே கூலியாளாகக் கூடையோடு வந்தான். உதிர்ந்த பிட்டே கூலி. வேலை செய்யவில்லையென்று பாண்டியன் பிரம்பால் அடிக்க, அவ்வடி அரசன்மேலும் எல்லா உயிர்கள்மேலும் பட்டது என்கிறது புராணம். கூடை சுமந்து வாழ்ந்த தோட்டத்துப் பரம்பரையினராகிய நமக்கு இக்கதையை எவரும் விளக்கவேண்டியதில்லை.

பிளேட்டோ காட்டிய படிகளில் மனிதனே ஏறவேண்டும். உச்சியிலுள்ள அழகு இறங்கி வருவதில்லை. வாதவூரர் கண்ட பரம்பொருளோ அன்பர்க்காக இறங்கி வந்து மண் சுமந்தது.

அமைச்சைத் துறந்தபின் அடிகள் தலங்கள்தோறும் சென்று பாடினார். திருவாசகம் அருளிய அதே வாயால், 400 செய்யுள் கொண்ட திருக்கோவையாரையும் அருளினார். அது தலைவனும் தலைவியும் கண்டு, பிரிந்து, ஏங்கி, கூடும் அகப்பொருள் நூல். காதலை இழிவென்று எண்ணியிருப்பின் அதனைப் பாடியிரார். திருவாசகமும் திருக்கோவையாரும் சேர்ந்தே 8ஆம் திருமுறையாக விளங்குகின்றன. பாடலின் பொருளைக் கேட்ட தில்லையந்தணர்க்கு, அம்பலவாணனே பொருள் என்று காட்டி, அவனோடு அடிகள் கலந்தார் என்பது மரபு.

இளைஞர்காள்! ஆசை எழுவது குற்றமன்று. விரும்பியவர்பொருட்டு ஒரு கூடை மண்ணும் சுமக்க மனமில்லாத ஆசை வெறும் பசி. சுமக்கத் துணிந்தால் அதுவே அன்பு. மார்கழி விடியலில் நம் சப்பிரகமுவத் தோட்டத்துக் கோயில்களிலே திருவெம்பாவை பாடும்போது இதனை நினைவோமாக.