இராமாநுஜரும் விடுபட்ட ஓர் எண்ணும்

இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயிலையுடைய பனமலையிலே, பன்னிரண்டு பனங்கொட்டைகளை ஒரு சிறுவன் கையிற் கொடுப்போமாயின், அவன் அவற்றை இரண்டிரண்டாகவும், மும்மூன்றாகவும், நந்நான்காகவும், அவ்வாறாகவும் மிச்சமின்றிக் குவித்துவிடுவான். ஒன்றையும் பன்னிரண்டையும் கூட்டிக்கொண்டால், பன்னிரண்டை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறாகும். அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை வகு எண்கள் இல்லை. இங்ஙனம் தன்னிற் சிறியன யாவற்றையும் வகு எண்களின் தொகையால் வென்று நிற்கும் எண்களை ஆராய்ந்தே ஸ்ரீநிவாச இராமாநுஜர் 1916-ம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பட்டம் பெற்றார்.

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இவர், கணிதமொன்றிலேயே மனத்தைச் செலுத்தியமையால் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1909-ல் விவாகமும் ஆயிற்று, ஜீவனத்துக்கு வழியில்லை. 1910-ல், பனமலைக்குத் தென்மேற்கே பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவலூருக்கு வந்து, ஆங்கு டிப்டி கலெக்டராயிருந்த வே. இராமசாமி ஐயரைக் கண்டு, ஒரு குமாஸ்தா வேலை தரும்படி வேண்டினார். இந்தியக் கணித சங்கத்தை 1907-ல் தோற்றுவித்தவர் இவ்வையரே. அவர் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், வேலை கொடுக்கவில்லை. தாலூகாக் கச்சேரியில் அவ்வறிவு மழுங்கிவிடும் என்று அஞ்சிச் சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். பசியோடு வந்தவனுக்குச் சோறிடாது கடிதமிடுதல் தகுமோ என்று வினவின், விடை கூற நாம் சிறிது தயங்குவோம். 1912-ல் அவர் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகவே அமர நேர்ந்தது. அடுத்த ஜனவரியில் அங்கிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதமும், 1914-ல் அவர் கப்பலேறியதும் யாவரும் அறிந்தனவே.

1915-ல் வெளிவந்த அவரது நீண்ட கட்டுரையில், இவ்வகை எண்களின் அட்டவணை ஒன்றுளது. அதன் இறுதி எண் 67,46,32,83,88,800. இதன் வகு எண்கள் 10,080. இதனைப் பகா எண்களாகப் பிரிப்பின், 2 ஆறுமுறையும், 3 நான்குமுறையும், 5-ம் 7-ம் இவ்விருமுறையும், 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொருமுறையும் வரும். இம்முறைத்தொகை எங்கும் ஏறாது இறங்கியே வருதலையும், 4, 36 என்னும் இரண்டொழிய ஏனையவற்றில் இறுதிப் பகா எண் ஒருமுறையே வருதலையும் அவர் நிறுவினார். யந்திரத் துணையின்றி நூற்றுக்கு மேற்பட்ட எண்களை அவர் கணித்தமை வியப்பே. யுத்தகாலப் பணமுட்டினால் லண்டன் கணித சங்கத்தார் அக்கட்டுரையை முழுதும் அச்சிடவில்லை. எஞ்சிய பகுதி 1997-லேதான் வெளிவந்தது. ஆசிரியரோ 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் நாள், முப்பத்திரண்டு வயதிலேயே சென்னையில் காலமானார்.

அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 5,040 வகு எண்களையுடைய 2,93,31,86,25,600. பெரியாரிடத்துக் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. அவர் எழுதிய இறுதி எண்ணை அதிலுள்ள கடைசிப் பகா எண்ணாகிய 23-ஆல் வகுத்துப் பார்மின். விடுபட்ட எண்ணே விடையாக வரும்.