பாசியைத் தேடி அலைந்த பேராசிரியர்

கடப்பாக்கம் கடற்கரையில் அலை ஒதுக்கிப் போடும் பாசியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? வலையில் சிக்கினால் மீனவர்கள் உதறி எறிவார்கள். கிணற்றடியில் பாசி பிடித்தால், வழுக்கி விழாமல் இருக்கத் தேய்த்துக் கழுவுவார்கள். அவ்வளவுதான் பாசிக்கு உள்ள மரியாதை!

அந்தப் பாசிக்காகவே ஒருவர் தம் ஆயுளைச் செலவிட்டார். அவர் சென்னைக்காரர். பெயர் எம். ஓ. பி. அய்யங்கார். முழுப் பெயர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி அய்யங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று உலகம் அவரை அழைக்கிறது.

குட்டையில் கிடைத்த புதையல்

1886-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு அதே கல்லூரியில் தாவர நூல் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் தாவர நூல் என்றால் பூவும் மரமும்தான். பூ இல்லை, காய் இல்லை, வேர் இல்லை. இந்தப் பச்சை வழும்பில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களே அதிகம். அய்யங்காரோ மழை பெய்து தேங்கிய குட்டைகளைத் தேடிப் போனார். அந்த நீரைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார்.

அங்கே ஓர் உலகமே இருந்தது! குண்டூசித் தலையைவிடச் சிறிய பச்சைப் பந்துகள் நீரில் உருண்டன. ஒவ்வொரு பந்திலும் நூற்றுக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்தன. வால்வாக்ஸ் என்பது அதன் பெயர். இந்தப் பாசிக் குடும்பத்தின் வரலாற்றை எழுதுவது அவருடைய வாழ்க்கை லட்சியம் ஆகிவிட்டது.

44 வயதில் மாணவர்!

1930-ல் அவர் லண்டனுக்குப் போனார். அப்போது அவருக்கு 44-வது வயது நடந்தது. இங்கே பேராசிரியர், அங்கே மாணவர். பெரிய பாசி நிபுணரான பிரிட்ஷ் என்பவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார்.

1932-ல் ஒரு புதிய பாசியை உலகுக்கு அறிவித்தார். அது நீரில் மிதக்கும் பாசி அல்ல. ஈர மண்ணில் வளர்வது. ஒரு பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். மறு பகுதி மேலே எழும்பி நிற்கும். வேரும் தண்டும் போல! ஆதியில் நீரில் இருந்த தாவரம் எப்படிக் கரையேறியிருக்கும் என்பதற்கு இது ஒரு சாடை காட்டியது. அதனால் பல நாட்டுப் பாடப் புத்தகங்களில் அது இடம் பெற்றது. அதற்கு அவர் தம் பெயரை வைக்கவில்லை. குருவின் பெயரை வைத்தார். பிரிட்ஷியெல்லா என்று இன்றும் அதை அழைக்கிறார்கள்.

கடலிலும் தேடினார்

குட்டையோடு அவர் நிற்கவில்லை. ராமேசுவரத்துக்கு அருகே உள்ள குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி எழுதினார். சென்னை அரசாங்க மியூசியம் 1927-ல் அதை வெளியிட்டது.

ராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுப்பவர்கள் பாசிக்கு அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை! செங்கல்பட்டுக் கரையில் அவ்வளவு பாசி கிடையாது. காரணம் மணல். கடற்பாசி பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். கடப்பாக்கத்துக்கு வடக்கே மாமல்லபுரத்தில் அந்தப் பாறை இருக்கிறது. அய்யங்காரைச் சிறப்பித்து இந்தியத் தாவரவியல் சங்கத்தின் பத்திரிகை 1946-ல் ஒரு மலர் வெளியிட்டது. அதில் கே. எஸ். சீனிவாசன் என்ற ஆராய்ச்சியாளர், மாமல்லபுரம் பாறைகளில் எந்தப் பருவத்தில் எந்தப் பாசி தழைக்கிறது, எது மறைகிறது என்று எழுதினார்.

இப்படிக் குறித்து வைத்த கணக்கின் அருமை இப்போதுதான் தெரிகிறது. ஏன்?

காற்று மாறிவிட்டது

பாசியின் உணவு கரியமில வாயு. வெயிலைக் கொண்டு அதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அய்யங்கார் பிறந்த காலத்தில், 10 லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு ஏறக்குறைய 290 பங்கு இருந்தது. அவர் கண் மூடிய 1963-ல் அது 320-ஐ நெருங்கியது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால் வந்த வினை! அப்படி மனிதன் வெளியேற்றும் வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது.

அப்படியானால் பாசிக்கு விருந்துதானே? கொழுத்து வளராதா?

விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல. கடலில் கரைந்த வாயு வாயுவாகவே இருப்பதில்லை. 100-ல் சுமார் 90 பங்கு பைகார்பனேட் ஆகிவிடுகிறது. சமையல் சோடாவில் இருப்பதும் அதுதான். பல பாசிகள் பைகார்பனேட்டைப் பிரித்து உண்ணக் கற்றவை. அவற்றுக்குப் பசி முன்பே தீர்ந்துவிட்டது. வாயு கூடினாலும் பெரிய லாபம் இல்லை. வாயுவை மட்டுமே நம்பியிருக்கும் சில சிவப்புப் பாசிகளுக்கு லாபம் உண்டு. கீரை இலை போன்ற உல்வாப் பாசி சில தொட்டிச் சோதனைகளில் வேகமாக வளர்ந்தது. வேறு சிலவற்றில் வளரவில்லை. தழைச் சத்தும் மணிச் சத்தும் நீரில் இல்லாவிட்டால், வாயு மட்டும் இருந்து என்ன பயன்? சோறு மட்டும் போட்டுக் குழம்பு ஊற்றாத கதைதான்!

சுண்ணாம்புச் சட்டை போட்ட பாசிகளின் நிலை வேறு. வாயு கரையக் கரைய கடல் நீரின் காரம் குறைகிறது, புளிப்பு ஏறுகிறது. அதில் சுண்ணாம்பு கட்டுவது கஷ்டம். ஒரே கடல், ஒன்றுக்கு ஊட்டம், இன்னொன்றுக்கு அரிப்பு. எந்தப் பாறையில் எந்தப் பாசி இருந்தது என்ற பழைய கணக்கு இருந்தால்தான், எது பெருகியது, எது அழிந்தது என்று சொல்ல முடியும்.

அச்சேறாத நூல்

அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவர நூல் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்தார். அங்கே பல மாணவர்களை உருவாக்கினார். இந்தியப் பாசியியல் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

ஆனால் வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றிய பெரிய நூல் மட்டும் வெளிவரவில்லை. 1963-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அவர் காலமானார். 77 வயது நிறைய ஐந்து நாள் பாக்கி இருந்தது.

அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி அந்த வேலையைக் கைவிடவில்லை. 18 வருஷம் கழித்து, 1981-ல், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் அந்த நூலை வெளியிட்டது. அதில் ஆசிரியர் பெயர்கள் இரண்டு. முதல் பெயர் அய்யங்கார். அடுத்த பெயர் தேசிகாச்சாரி.