சம்பு நாத் டே

சம்பு நாத் டே (பெப்ரவரி 1, 1915 – ஏப்ரல் 15, 1985) இந்திய மருத்துவ அறிவியலாளர் ஆவார். காலரா நுண்ணுயிரி தான் வெளியிடும் நச்சினாலேயே நோயை விளைவிக்கிறது என்பதை ஆய்வக வளர்ப்புகளைக் கொண்டு 1959 இல் நிறுவியவர் இவரே.

வாழ்க்கை

வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939 இல் பட்டம் பெற்றார். 1949 இல் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் நோயியல் துறையில் பணியாற்றினார். 1973 இல் ஓய்வு பெற்றார்.

நோயும் கடலும்

விப்ரியோ காலரே என்னும் இந்நுண்ணுயிரி கழிமுகங்களிலும் கரையோரக் கடல்நீரிலும் இயல்பாக வாழ்வது. மனிதக் குடலை அடைந்தால் சில மணி நேரத்திலேயே உடல்நீரை வற்றச் செய்துவிடும். யாத்திரைத் தலங்களும் துறைமுகங்களும் இதற்கு மிக அஞ்சின. இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முகாமில் தங்கவைத்துக் கண்காணித்த பின்னரே கடல் கடக்க விட்டனர். அதற்குக் காலரா அச்சமும் ஒரு காரணம்.

நச்சைக் கண்டறிதல்

ராபர்ட் கோக் 1884 இல் கல்கத்தாவில் இந்நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தபோதே, நோய்க்கு ஒரு நச்சு காரணமாகலாம் எனக் கருதினார். ஆயினும் அடுத்த 75 ஆண்டுகளில் எவரும் அதனை மெய்ப்பிக்கவில்லை. விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் நுண்ணுயிரியைச் செலுத்திப் பார்த்தவர்களுக்குக் காலராவின் அடையாளமான பேதி கிட்டவில்லை. தேடிய இடமே தவறு என்பதுதான் டேயின் நுட்பமான கணிப்பு.

1953 இல் இவரும் சட்டர்ஜியும் முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டி, உயிருள்ள வளர்ப்பை அதனுள் செலுத்தினர். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து உப்பியிருந்தது. 1959 இல் டே இன்னும் ஒரு படி சென்றார். வளர்ப்பு நீர்மத்தை வடிகட்டி, நுண்ணுயிரிகளை முற்றிலும் நீக்கிவிட்டு, வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. நச்சு நுண்ணுயிரியின் உடலில் அடைபட்டிருக்கவில்லை, நீர்மத்தில் கலந்திருந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. இம்முடிவு நேச்சர் இதழில் வெளிவந்தது.

அந்நச்சு 1969 இல் அமெரிக்காவில் தூய்மைப்படுத்தப்பட்டது. குடற்சுவரைச் சிதைக்காமல், அதன் உயிரணுக்களை உப்பையும் நீரையும் ஓயாமல் சுரக்கச் செய்வதே அதன் வேலை. எனவே இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்தால் நோயாளி பிழைக்கிறார். கடல்மீன்களில் காணப்படும் விப்ரியோ பாராஈமோலிட்டிக்கசு போன்ற இனங்களின் நச்சுத்தன்மையை அறியவும் டேயின் குடற்கட்டு முறை பின்னாளில் பயன்பட்டது.

மதிப்பீடு

இத்தகைய கண்டுபிடிப்பைச் செய்தவரை, வாழ்நாளில் இந்திய அறிவியல் கழகம் எதுவும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது வியப்புக்குரியது. நோபல் பரிசாளர் யோசுவா லெடர்பெர்க் இவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978 இல் நோபல் அறக்கட்டளை நடத்திய காலரா கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1990 இல், கரண்ட் சயன்சு இதழ் இவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது.